பின்லாந்தின் நிலமும் நீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்லாந்தில் குடியேறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஊரிலிருந்து வருகிறவர்களும் தொலைபேசியில் பேசுகிறவர்களும் முதலில் குளிரைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். அது தீர்ந்த பிறகு வரும் கேள்விகள்தான் சுவையானவை. அவற்றுக்கு நான் சொல்லிப் பழகிய விடைகளை இங்கே எழுதிவைக்கிறேன். எதைக் கேட்டாலும் பேச்சு பழைய பனிப்பாளத்தில் போய் முட்டும். அது என் பிடிவாதமில்லை. இந்த நாடு அமைந்த விதம் அப்படி.

ஆயிரம் ஏரிகளின் நாடு என்கிறார்களே, எண்ணிப் பார்த்திருக்கிறார்களா?

எண்ணியிருக்கிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நீர்நிலைகள் 1,87,888. ஆனால் 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் இரண்டேகால் கிரவுண்ட்தான். அதை ஏரி என்றால் குளம் கோபித்துக்கொள்ளும். ஒரு ஹெக்டேருக்கு மேல் என்று வைத்துக்கொண்டால் சுமார் 57,000 தேறும். நாட்டின் பரப்பு ஏறக்குறைய 3,38,000 சதுர கிலோமீட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு நன்னீர்.

பரப்பு பெரிது, ஆழம் குறைவு. பின்லாந்து ஏரிகளின் சராசரி ஆழம் 7 மீட்டர்தான். மிக ஆழமான பயானேவே 95 மீட்டரோடு நின்றுவிடுகிறது.

இத்தனை ஏரிகள் எப்படி உண்டாயின?

கடைசிப் பனியுகத்தில் இந்த நிலத்தின் மேல் இரண்டு, மூன்று கிலோமீட்டர் தடிமனுள்ள பனிப்பாளம் கிடந்தது. அது சும்மா கிடக்கவில்லை. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக மெல்ல நகர்ந்தபடி அடிப்பாறையைச் சுரண்டியது. பாறை எங்கே விரிசல் விட்டு இளகியிருந்ததோ அங்கே பள்ளம் விழுந்தது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: ஏரிகள் பலவும் ஒரே திசையில் நீண்டிருக்கும். மரப்பலகையில் உப்புத்தாள் தேய்த்த கோடுகளைப் போல.

சுரண்டியதையெல்லாம் பனி எங்கே போட்டது என்பது அடுத்த கேள்வி. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாளம் பின்வாங்கிக்கொண்டிருந்தபோது குளிர் மறுபடி இறுகியது. பல நூறு ஆண்டுகள் அதன் விளிம்பு ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. உருகிய நீர் கொண்டுவந்த மணலும் சரளையும் அந்த விளிம்பில் கரைகட்டின. அதுதான் சல்பௌஸ்செல்க்யா. தென்கோடியில் உள்ள ஹான்கோவில் தொடங்கி லஹ்தி வழியாக வளைந்து யோயென்சூ பக்கம்வரை சுமார் 500 கிலோமீட்டர் போகும் மேடு. நாட்டின் நடுப்பகுதித் தண்ணீரைத் தெற்கே வழியவிடாமல் தடுக்கும் ஏரிக்கரை அது. கட்டிய மன்னன் பனி.

பனிக்கு அடியில் சுரங்கம்போல ஓடிய ஆறுகளும் தம் மணலைப் போட்டுவிட்டுப் போயின. அந்த ஒடுங்கிய நீண்ட மேடுகளுக்கு இங்கே ‘ஹார்யு’ என்று பெயர். புங்காஹார்யுவில் ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு அப்படியொரு மேடு ஏரி நடுவே போகிறது. மேலே சாலையும் பைன் மரங்களும், இருபுறமும் தண்ணீர். நாட்டில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க நேரமிருக்கிறது என்பவர்களை நான் அங்கேதான் அனுப்புவேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மேற்கே லப்பயார்வி என்ற ஏரியைப் பனி உண்டாக்கவில்லை. ஏறத்தாழ 7.7 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளம் அது.

ஏரித் தண்ணீர் ஏன் தேநீர் நிறத்தில் இருக்கிறது?

அழுக்கில்லை. சதுப்பு நிலங்களிலிருந்து வடியும் மட்கு நீரைச் சாயமேற்றுகிறது. கோப்பையில் அள்ளினால் மங்கலான மஞ்சள், இடுப்பளவு நீரில் நின்றால் கால் பழுப்பு. எல்லா ஏரியும் அப்படியில்லை. பயானே ஓரளவு தெளிந்தது. ஹெல்சின்கி வட்டாரத்துக்குக் குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது, பாறைக்குள் குடைந்த 120 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக. 1982இல் முடிந்த வேலை. நிலத்துக்கடியில் வருவதால் கோடையிலும் குழாய்த் தண்ணீர் பல்லைக் கூச வைக்கும்.

மலையே கிடையாதா?

ஒரு காலத்தில் இருந்தது. 190 கோடி ஆண்டுகளுக்கு முன் எழுந்த மலைத்தொடர் தேய்ந்து தேய்ந்து இப்போது அதன் வேர்தான் மிச்சம். நாம் நடப்பது அந்த வேரின் மேல். வடக்கே லாப்லாந்தில் மொட்டைத் தலையோடு நிற்கும் உருண்டைக் குன்றுகளை ‘துன்துரி’ என்கிறார்கள்.

மிக உயர்ந்த இடம் நார்வே எல்லையில் உள்ள ஹல்தி, 1,324 மீட்டர். வேடிக்கை என்னவென்றால், அது சிகரமில்லை, சரிவு. சிகரம் நார்வேக்குள் இருக்கிறது. 2017இல் வரவிருந்த பின்லாந்தின் சுதந்திர நூற்றாண்டையொட்டி, எல்லையைச் சில பத்து மீட்டர் நகர்த்தி 1,331 மீட்டர் உயரமுள்ள பக்கத்துச் சிகரத்தைப் பரிசாகக் கொடுத்துவிடலாம் என்று நார்வேயில் ஓர் இயக்கமே நடந்தது. நாட்டைப் பிரிக்க அரசியலமைப்பில் இடமில்லை என்று அன்றைய நார்வேப் பிரதமர் எர்னா சோல்பெர்க் மறுத்துவிட்டார். பின்லாந்துக்காரர்கள் இன்னும் சரிவில்தான் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நிலம் கடலிலிருந்து எழுகிறது என்பது உண்மையா?

உண்மை. எனக்கு இந்த நாட்டில் மிகப் பிடித்த செய்தியும் இதுதான்.

இலவம்பஞ்சு மெத்தையில் நெடுநேரம் படுத்திருந்தவர் எழுந்து போனால் பள்ளம் உடனே நிரம்பாது, மெதுவாக உப்பும். பனியின் எடையில் புவியின் மேலோடு அப்படி அழுந்திப் போயிருந்தது. பனி உருகிப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகியும் அது இன்னும் எழுந்து முடியவில்லை. கீழே பாகுபோல் இளகிய பாறை விலகிய இடத்துக்குத் திரும்பிவர அவ்வளவு காலம் பிடிக்கிறது. பனி மிகத் தடிமனாக இருந்த, சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடைப்பட்ட பொத்னியா வளைகுடாப் பக்கம் வேகம் அதிகம், ஆண்டுக்கு 8, 9 மில்லிமீட்டர். ஹெல்சின்கியில் 2, 3 மில்லிமீட்டர்.

மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கரையோரம் தட்டையானது. சில மில்லிமீட்டர் உயர்ந்தாலே தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கும். பின்லாந்துக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர் நிலம் இப்படிச் சேருகிறது. நூறாண்டில் துறைமுகம் தரைதட்டிவிடும். மேற்குக் கரையில் வாசா நகரம் 1606இல் கடலோரம் நிறுவப்பட்டது. போகப்போகக் கப்பல் நெருங்க முடியாமல் போயிற்று. 1852இல் நகரம் தீயில் அழிந்தபோது, கட்டுவதுதான் கட்டுகிறோம், கடல் இருக்கும் இடத்துக்கே போய்விடுவோம் என்று சுமார் 7 கிலோமீட்டர் தள்ளிக் கட்டினார்கள். 1862இல் குடிபோனார்கள். பழைய தேவாலயத்தின் இடிபாடு இன்று உள்நாட்டில் நிற்கிறது.

வாசாவுக்கு எதிரே சுவீடன் பக்கமாக உள்ள தீவுக்கூட்டம் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அது இருக்கும் நீரிணைக்குப் பின்னிஷ் மொழியில் ‘மெரென்குர்க்கு’ என்று பெயர், கடலின் தொண்டை. தொண்டை சுருங்கிக்கொண்டே வருகிறது. முன்பு விரிகுடாவாக இருந்தது வாய் குறுகி, ஒரு கால்வாயளவு கடலோடு தொடர்பு வைத்திருந்து, பிறகு அதுவும் அடைபட்டு நன்னீர்க் குளமாகிவிடும். ஒரே தீவில் இந்த நிலைகள் எல்லாவற்றையும் ஒரு நாளில் நடந்து பார்க்கலாம். தண்ணீர் ஓரம் நாணல், அடுத்து ஆல்டர் புதர், அப்புறம் பிர்ச், உள்ளே ஸ்புரூஸ் காடு. காட்டுக்கு நடுவே ஒரு பாறைக்கு ‘தீவு’ என்று பெயர் இருக்கும். பெயர் வைத்தபோது அது தீவுதான்.

புதிதாக எழும் நிலம் யாருக்குச் சொந்தம்? கரையில் வீடு வைத்திருப்பவருக்கா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை. தண்ணீர் யாருக்குச் சொந்தமாக இருந்ததோ, தண்ணீர் விலகிய நிலமும் அவருக்கே. பெரும்பாலும் அது கிராமத்தார் பங்குதாரர்களாக உள்ள கூட்டுச் சொத்து. ‘வெசியாத்தோ’ என்பார்கள், தண்ணீர் விட்டுச்சென்றது என்று பொருள். நம் ஊராக இருந்தால் புறம்போக்கு என்று எழுதி முடித்திருப்பார்கள். பாட்டன் காலத்தில் படகுத்துறை வைத்திருந்தவர், இன்று தன் வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் முளைத்த துண்டு நிலத்தைப் பணம் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

அப்படியானால் கடல்மட்டம் உயர்வதைப் பற்றிக் கவலையில்லையே?

பொத்னியா வளைகுடாவின் வடக்கில் நிலம் இன்னும் கடலை ஜெயித்துக்கொண்டிருக்கிறது. தெற்கே பின்லாந்து வளைகுடாவில் இரண்டும் ஏறத்தாழச் சமம், இனிக் கடல் முந்தும் என்பதே கணிப்பு. ஹெல்சின்கியில் இன்று கரையோரம் கட்டிடம் எழுப்புகிறவர்கள் அதற்கேற்ப அடித்தளத்தை உயர்த்துகிறார்கள்.

சாய்மா ஏரியில் கடல்நாய் இருக்கிறதாமே? ஏரிக்குள் எப்படி வந்தது?

அது வரவில்லை. கடல்தான் அதை விட்டுவிட்டுப் போனது. நிலம் எழுந்தபோது, சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன், கடலோடு தொடர்பறுந்து உள்ளே மாட்டிக்கொண்ட வளையக் கடல்நாய்களின் சந்ததி அது. உலகில் வேறெங்கும் இல்லை.

சாய்மா நாட்டின் மிகப் பெரிய ஏரி, சுமார் 4,400 சதுர கிலோமீட்டர். ஒரே நீர்ப்பரப்பாகக் கற்பனை செய்யாதீர்கள். ஆயிரக்கணக்கான தீவுகளும் இடுக்குகளும் நிறைந்த சிக்கல் அது. வடமேற்கு வேகமாக எழுவதால் இந்த ஏரி சாய்ந்த தட்டுப்போல் ஆயிற்று. முன்பு மேற்கே வடிந்துகொண்டிருந்த தண்ணீர் தென்கிழக்கில் தேங்கித் தேங்கி, சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் சல்பௌஸ்செல்க்யா கரையை இமாத்ரா அருகே உடைத்துக்கொண்டு பாய்ந்தது. அன்று பிறந்த ஆறுதான் வுவொக்சி. இன்று ரஷ்யாவின் லதோகா ஏரிக்குப் போகிறது.

கடல்நாய்க்கு வருவோம். 1955 முதல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஆனாலும் 1980களில் நூற்றைம்பதுக்கும் கீழேதான் இருந்தது. மீன்வலையில் சிக்கிக் குட்டிகள் மூச்சுமுட்டிச் செத்துக்கொண்டிருந்தன. இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் இறுதிவரை அவை வாழும் பகுதிகளில் வலை போடத் தடை. எண்ணிக்கை 400ஐத் தாண்டிவிட்டது.

புதுத் தொல்லை வேறு. தாய் குட்டி போடுவது பனிக்குவியலுக்குள் தோண்டிய குகையில். கரையோரம் காற்று அடித்துச் சேர்த்த பனி இல்லாவிட்டால் குகையில்லை. குட்டி வெட்டவெளியில் கிடந்து குளிருக்கும் நரிக்கும் இரையாகும். எனவே பனி குறைந்த குளிர்காலங்களில் தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு உறைந்த ஏரிக்குப் போய், கரையோரம் பனியை வாரிக் குவித்துச் செயற்கைக் குவியல் கட்டிக் கொடுக்கிறார்கள். பனி குறைவு என்று பின்லாந்தில் மண்வெட்டி தூக்குவார்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கடல் உறைந்துவிடுமா?

பால்டிக் கடலில் உப்பு குறைவு. பெருங்கடல் நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு என்றால், பின்லாந்து வளைகுடாவில் 7க்கும் கீழே. பொத்னியாவின் வடகோடியில் 2 முதல் 4. அதனால் அங்கே அனேகமாக ஒவ்வொரு குளிர்காலமும் கடல் உறையும். ஐஸ் உடைக்கும் கப்பல்கள் வழிவிட்டால்தான் சரக்கு நகரும். உப்புக் குறைவின் இன்னொரு விளைவு வலையில் தெரியும்: கடல் மீனான சிலக்காவும், ஏரி மீன்களான பெர்ச்சும் பைக்கும் ஒரே வலையில் விழும்.

பிறகு ஏன் பால்டிக் கடலை நோய்வாய்ப்பட்டது என்கிறார்கள்?

சராசரி ஆழம் 55 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. டென்மார்க் பக்கத்து ஒடுங்கிய வாய் வழியாக நீர் முழுதும் மாற முப்பது ஆண்டுகள் ஆகும். ஒன்பது நாடுகள் சுற்றி உட்கார்ந்து அதில் கழிவை விடுகின்றன. வயல்களிலிருந்து வழிந்த பாஸ்பரஸ் அடியில் தேங்கிவிட்டது. ஆக்சிஜன் தீர்ந்த ஆழத்தில் அந்தப் பழைய பாஸ்பரஸ் மறுபடி நீரில் கரைகிறது. ஆகவே இன்று குழாயை அடைத்தாலும் நாளை கடல் தெளியாது.

அந்தப் பாஸ்பரஸை உண்டு ஜூலை, ஆகஸ்டில் நீலப்பச்சைப் பாசி பொங்கும். பட்டாணிச் சாறு கொட்டினாற்போல் கரையில் ஒதுங்கும். சில வகை நஞ்சு. நாய் குடித்தால் பிழைப்பது கடினம். குளிக்கப் போகிறவர்கள் ஒரு குச்சியால் சோதிப்பார்கள்: குச்சியில் நூல்நூலாகத் தொங்கினால் அது வேறு பாசி, பயமில்லை. தொட்டதும் துகளாகக் கலைந்தால் கரையேறிவிட வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் கண்ணாடிக் குவளையில் மொண்டு ஒரு மணி நேரம் வைக்கலாம். பச்சைத் துகள் மேலே வந்து மிதந்தால் அதுவேதான்.

உருப்படியான வைத்தியம் ஒன்று ஜிப்சம். உரத் தொழிற்சாலையில் மிஞ்சும் ஜிப்சத்தைத் தென்மேற்குக் கரையோர வயல்களில் ஹெக்டேருக்கு 4 டன் தூவுகிறார்கள். மண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் பாஸ்பரஸ் வயலிலேயே நிற்கிறது. ஏரிகளில் வடியும் நிலத்துக்கு இது ஆகாது. சல்பேட் நன்னீரைக் கெடுக்கும், கடலில் அது ஏற்கெனவே நிறைய உண்டு.

உறைந்த ஏரியில் நடக்கலாமா?

நடக்கலாம், உறைந்த விதத்தைப் பார்த்து. தெளிந்த கறுத்த ஐஸுக்கு ‘எஃகு ஐஸ்’ என்று பெயர். அது 5 சென்டிமீட்டர் இருந்தால் ஒருவரைத் தாங்கும். வெண்மையாக, பனியும் நீரும் குழைந்து உறைந்தது பாதி வலுவுக்குத்தான் சமம். ஏப்ரல் ஐஸ் ஏமாற்றுக்காரன்: முழங்கைத் தடிமன் இருந்தும் உள்ளே ஊசி ஊசியாகப் பிரிந்திருக்கும். நீரிணைகளின் குறுக்கே, நாணல் ஓரம், படகுத்துறை அடியில் போகவே கூடாது. போகிறவர்கள் கழுத்தில் கயிற்றில் கோத்த இரண்டு ஆணிகளை மாட்டிக்கொள்வார்கள். உள்ளே விழுந்தால் இரு கையாலும் விளிம்பில் குத்தி, வந்த திசையிலேயே உடம்பை இழுத்து மேலே போட்டுக்கொள்ள. வழுக்கும் ஈர ஐஸில் விரல் நகம் எதற்கும் உதவாது.

ஆறு மாதம் இரவு, ஆறு மாதம் பகலா?

பள்ளிப் பாடத்தில் படித்த கணக்கு துருவப்புள்ளிக்கு உரியது. வடகோடி உத்ஸ்யோகியில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் எழாது. கோடையில் எழுபது நாளுக்கு மேல் மறையாது. ஹெல்சின்கியில் டிசம்பரில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரப் பகல், ஜூனில் பத்தொன்பது. சூரியன் எழாத காலத்தை ‘காமோஸ்’ என்கிறார்கள். அது கும்மிருட்டில்லை. நண்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் பனியும் வானமும் ஒரே நீலமாக இருக்கும். என்னைக் கேட்டால் கொடுமை தெற்கே, நவம்பரில்தான். பனி விழாத கறுத்த தரை, தூறல், மூன்றரைக்கே விளக்கு.

குளிர் எவ்வளவு?

பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1999 ஜனவரி 28 அன்று கித்திலாவின் பொக்காவில் மைனஸ் 51.5 டிகிரி. மிக அதிகம் 2010 ஜூலை 29 அன்று யோயென்சூ விமானநிலையத்தில் 37.2. ஹெல்சின்கி கிரீன்லாந்தின் தென்முனை இருக்கும் அட்சரேகையில் உள்ளது. ஆனாலும் அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரும் மேற்குக் காற்றும் சேர்ந்து இங்கே மனிதர் வாழ வைக்கின்றன. தோர்னியோ ஆற்றில் ஐஸ் உடையும் நாளை 1693 முதல் குறித்து வருகிறார்கள். அந்தத் தேதி முந்திக்கொண்டே வருகிறது.

நிலத்தில் முக்கால் பங்கு காடு என்றால் சுற்றுச்சூழலுக்குக் குறையென்ன?

மரம் இருக்கிறது. காடு இருக்கிறதா என்பதில்தான் சண்டை. பைன், ஸ்புரூஸ், பிர்ச் என்று மூன்றே வகை பெரும்பகுதியை நிறைக்கின்றன. தெற்கில் பெரும்பாலானவை ஒரே வயதில் வளர்ந்து ஒரே நாளில் வெட்டப்படும் மரங்கள். முதிர்ந்து, விழுந்து, மட்கும் மரம் குறைவு. அந்த மட்கிய மரத்தை நம்பி வாழும் வண்டும் காளானும் அதனால் தவிக்கின்றன.

சதுப்பு இன்னொரு காயம். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்பு சதுப்பாக இருந்தது. பாதிக்கு மேல் மரம் வளர்ப்பதற்காகக் கால்வாய் வெட்டி வடிக்கப்பட்டது, முக்கியமாக 1960, 70களில். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீருக்கடியில் மட்காமல் கிடந்த பாசிப் படிவம், அதாவது பீட், காற்றுப் பட்டதும் மட்கிக் கரியமில வாயுவாகிறது. இதுவும் அதிக வெட்டும் சேர்ந்து, 2021இல் காடும் நிலமும் உறிஞ்சியதைவிட வெளியிட்டது அதிகம் என்ற கணக்கு வந்தபோது நாடே திகைத்தது. 2035க்குள் கார்பன் சமநிலை என்ற சட்டத்தை, காடு உறிஞ்சிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் எழுதியிருந்தார்கள்.

அடுத்தவர் காட்டில் பழம் பறிக்கலாமா?

பறிக்கலாம். யார் நிலமானாலும் நடக்கலாம், பழமும் காளானும் பறிக்கலாம். கேட்கத் தேவையில்லை. வீட்டு முற்றத்தையும் பயிரையும் மிதிக்கக் கூடாது. அனுமதியின்றித் தீ மூட்டக் கூடாது. பாசியும் லைக்கனும் எடுக்கக் கூடாது. அந்த வெளிறிய லைக்கன் நம் கல்பாசிக்குத் தூரத்து உறவு, லாப்லாந்தில் ரெயின்டீர் மான்களின் குளிர்காலத் தீவனம். ஜூலையில் சதுப்பில் பழுக்கும் அம்பர் நிறப் பழம் லக்கா. பின்லாந்தின் 2 யூரோ நாணயத்தில் இருப்பது அதுதான். எங்கே பறித்தீர்கள் என்று மட்டும் யாரையும் கேட்காதீர்கள். சம்பளத்தைக்கூடச் சொல்லிவிடுவார்கள், லக்கா முளைக்கும் இடத்தைச் சொல்ல மாட்டார்கள்.

கொசு உண்டா?

உண்டு. லாப்லாந்தில் ஜூலையில், ஏராளமாக. முழுக்கைச் சட்டை எடுத்துப் போங்கள்.

நிலநடுக்கம், எரிமலை?

எரிமலை இல்லை. நிலநடுக்கம் வந்தாலும் பெரும்பாலும் கருவிக்குத்தான் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் மேற்குக் கரையின் ஒல்கிலுவோத்தோ தீவில், சுமார் 430 மீட்டர் ஆழத்தில் பழம்பாறையைக் குடைந்து, அணுமின் நிலையங்களின் எரிந்த எரிபொருளைப் புதைக்க ‘ஒன்கலோ’ என்ற கிடங்கை அமைத்திருக்கிறார்கள். செம்புக் கலத்தில் அடைத்து, சுற்றிலும் பென்டோனைட் களிமண் திணித்து, ஒரு லட்சம் ஆண்டுக் கணக்கில் காக்க வேண்டும். அந்தத் தீவும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் எழுந்துகொண்டிருக்கிறது. என்றாவது அடுத்த பனியுகம் வந்து, கிலோமீட்டர் தடிமனில் பனிப்பாளம் மறுபடி மேலே உட்கார்ந்தால் கலங்கள் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதையும் வடிவமைப்பில் சேர்த்திருக்கிறார்கள்.